ஆவியுலக டெக் பில்டிங் விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 டிசம்பரில் டெத் ஹௌல் என்ற விளையாட்டு வெளிவந்த பிறகு, கார்டு விளையாட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எண்கள் வரும் இடங்களில் பெரும்பாலும் ஸ்லே த ஸ்பயரிலிருந்துதான் எடுத்துக்காட்டு தருவேன். அந்த விளையாட்டின் கணக்குதான் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கார்டு கேம் என்றால் காசு வைத்து ஆடுவதா?

இல்லை. எதிரில் ஆளும் கிடையாது, பந்தயமும் கிடையாது. தனியாக உட்கார்ந்து கணினியோடு ஆடுவது. இங்கே கார்டு என்பது ஒரு செயல்: ஒன்று வெட்டு, ஒன்று தடுப்பு, ஒன்று மந்திரம். கையில் வந்திருக்கும் கார்டுகளை வைத்து எதிரே நிற்கும் பேயையோ பிசாசையோ சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெக் பில்டிங் என்றால் என்ன? டெக்கை முதலிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். டெக் என்றால் நீங்கள் ஆடும் கார்டுக் கட்டு. சில கார்டு விளையாட்டுகளில் டெக்கை வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே டெக்கைக் கட்டுவதே விளையாட்டு. எல்லோருக்கும் முதலில் ஒரே மாதிரி சொத்தையான கட்டுதான் கிடைக்கும். போகப் போகக் கார்டு சேர்ப்பீர்கள், சிலதைத் தூக்கி எறிவீர்கள்.

இந்த முறையைப் பிரபலமாக்கியது 2008-இல் வந்த டொமினியன் என்ற மேசை விளையாட்டு. டொனால்ட் எக்ஸ் வக்கரினோ உருவாக்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதையும் வாங்கியது. அதில் 10 கார்டுகளோடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் 5 எடுப்பீர்கள். ஸ்லே த ஸ்பயரின் முதல் கதாபாத்திரமான அயர்ன்கிளாடுக்கும் தொடக்க டெக் 10 கார்டுதான், டர்னுக்கு (நம் முறை ஒவ்வொன்றுக்கும்) 5 கார்டுதான். இந்த 10, 5 இரண்டையும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பாதிப் பதில்கள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

எனக்கு வேகமாக பட்டன் தட்ட வராது. விளையாட முடியுமா?

தாராளமாக. நீங்கள் டர்னை முடிக்கும்வரை எதிரி அசைய மாட்டான். நடுவில் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தாலும் அதே இடத்தில் நிற்பான். விரலுக்கு வேலை இல்லை, கணக்குக்குத்தான் வேலை. அதுவும் இரண்டிலக்கக் கூட்டல் கழித்தலைத் தாண்டாது.

ஆவியுலகம் என்கிறீர்களே, ரொம்பப் பயமாக இருக்குமா?

திடுக்கென்று முகத்தில் பாயும் பயம் இந்த வகையில் குறைவு. டெத் ஹௌலை பயம் என்பதைவிட துக்கம் என்றுதான் சொல்வேன். கற்கால ஸ்காண்டிநேவியாவில் ரோ என்ற வேட்டைக்காரி. மகன் ஓல்வி இறந்துவிடுகிறான். அவனை மீட்டு வர ஆவியுலகத்துக்குள் போகிறாள். எதிரே வருபவை எல்லாம் ஆவிகள். படங்கள் மங்கிய நிறத்தில், புள்ளி புள்ளியாக, பாறை ஓவியம் மாதிரி இருக்கும். மனசு கனத்திருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள் என்று ஒரு தோழியிடம் சொன்னேன். கேட்கவில்லை, அழுதுவிட்டுப் பேசினார்.

மான்ஸ்டர் ட்ரெயின் (2020) நேர் எதிர். நரகம் உறைந்துபோய்விட்டது. கடைசியாக மிஞ்சிய நெருப்பை ஒரு ரயிலில் ஏற்றிக்கொண்டு நரகத்தின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். பிசாசுகள் நம் கட்சி, ஏறி வந்து அடிப்பவர்கள் சொர்க்கத்துப் படையினர். கேலியும் கும்மாளமுமாக ஓடும்.

மூன்றில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்லே த ஸ்பயர். ஆவியுலகம்தான் வேண்டும் என்று வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். கதை அதில் பேருக்குத்தான். ஆனால் இலக்கணம் அங்கேதான் சுத்தமாக இருக்கிறது. 2017 நவம்பரில் முன்னோட்டமாக வந்து, 2019 ஜனவரியில் முழுமையானது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் அதன் அமைப்பைத்தான் கடன் வாங்கியிருக்கின்றன. அங்கே பத்து முறை தோற்றுவிட்டு மான்ஸ்டர் ட்ரெயினுக்கு வந்தால் பாதி புரிந்துவிடும். கதைக்காக மட்டுமே வருகிறேன் என்றால் நேராக டெத் ஹௌலுக்குப் போங்கள், ஆனால் கொஞ்சம் அடி வாங்கத் தயாராக இருங்கள்.

ஜெயித்ததும் மூன்று கார்டு காட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறது. இலவசம்தானே, ஒவ்வொரு முறையும் எடுக்கலாம்தானே?

புதியவர்கள் தோற்பதற்கு முக்கியக் காரணம் இந்த 'இலவசம்தானே'. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டெக்கில் 10 கார்டு, கைக்கு 5. அப்படியென்றால் ஒவ்வொரு கார்டும் இரண்டு டர்னுக்கு ஒருமுறை கட்டாயம் கைக்கு வரும். டெக் 15 ஆனால் மூன்று டர்னுக்கு ஒருமுறை, 25 ஆனால் ஐந்து டர்னுக்கு ஒருமுறை. உங்கள் மிகச் சிறந்த கார்டு முதல் கையிலேயே வரும் வாய்ப்பு 10 கார்டு டெக்கில் 50 சதவீதம், 25 கார்டு டெக்கில் 20 சதவீதம். பல சண்டைகள் நாலைந்து டர்னில் முடிந்துவிடும். அதற்குள் அது வராமலே போய்விட்டால், அந்தக் கார்டு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

இரண்டு கார்டு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டும் முதல் கையில் ஒன்றாக வர 10 கார்டு டெக்கில் சுமார் 22 சதவீதம் வாய்ப்பு, 20 கார்டு டெக்கில் 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், 30 கார்டு டெக்கில் 2 சதவீதம் சொச்சம். ஆக, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு சுமாரான கார்டும் ஏற்கெனவே இருக்கும் நல்ல கார்டை ஒரு அடி பின்னுக்குத் தள்ளுகிறது. காசு கேட்கவில்லை என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது. மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று நகர்ந்துவிட பட்டன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அப்போது எதையுமே எடுக்காமல் 10 கார்டோடே போய்விடலாமா?

போன பதிலைப் படித்துவிட்டு நேரே இதைச் செய்து, முதல் பாஸிடமே (பகுதியின் முடிவில் வரும் பெரிய எதிரி) விழுந்தவர் ஒருவர் இருக்கிறார். தொடக்க டெக் உண்மையிலேயே சொத்தை. அயர்ன்கிளாடின் சாதாரண ஸ்ட்ரைக் 6 அடி, டிஃபெண்ட் 5 தடுப்பு. எனர்ஜி, அதாவது கார்டு போடச் செலவாகும் சக்தி, டர்னுக்கு 3. மூன்றையும் ஸ்ட்ரைக்காகவே போட்டாலும் 18 அடிதான். இதை வைத்துக்கொண்டு கரை சேர முடியாது.

முதல் பகுதியில் அடி கொடுக்கும் நல்ல கார்டு ஒன்றிரண்டைத் தயங்காமல் எடுங்கள். அதற்குப் பிறகு 'என் டெக்கில் இப்போது என்ன ஓட்டை இருக்கிறது, இந்தக் கார்டு அதை அடைக்குமா?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஜெயித்த டெக்குகள் பெரும்பாலும் 20-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தவை. அது விதி இல்லை, என் பழக்கம்.

கடையில் கார்டை நீக்க காசு கேட்கிறது. இருப்பதைத் தூக்கி எறிய நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரைக்கை நீக்கினால் மிச்சம் இருக்கும் எல்லாக் கார்டும் கொஞ்சம் அடிக்கடி வரும். ஸ்லே த ஸ்பயர் கடையில் முதல் நீக்கம் 75 தங்கம், அடுத்தது 100, அப்புறம் 125 என்று 25, 25 ஆக ஏறும். அப்படி ஏற்றி வைத்திருப்பதிலிருந்தே அதன் மதிப்பு புரியும்.

டொமினியனில் சேப்பல் என்று ஒரு கார்டு உண்டு. விலை வெறும் 2. கையிலிருந்து நாலு கார்டு வரை நிரந்தரமாகக் குப்பையில் போடலாம், அதைத் தவிர வேறொன்றும் செய்யாது. முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பழகியவர்கள் முதல் வாய்ப்பிலேயே வாங்குவார்கள். சாபக் கார்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள், அடுத்து ஸ்ட்ரைக்.

அடிக்கவா, தடுக்கவா? ஒவ்வொரு டர்னும் இதிலேயே குழம்புகிறேன்.

எதிரியின் தலைக்கு மேலே பாருங்கள். இந்த டர்ன் அவன் என்ன செய்யப்போகிறான், எத்தனை அடி என்று முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். அடிக்காத டர்னில் தடுப்பு போடுவது வீண், ஏனென்றால் சாதாரணமாகத் தடுப்பு அடுத்த டர்ன் தொடங்கும்போது காணாமல் போய்விடும். அவன் 12 அடிக்கப் போகிறான், நம் கையில் 10 தடுப்பு இருக்கிறது என்றால் 2 போகட்டும் என்று விடலாம். உயிரும் செலவழிக்கத்தான் இருக்கிறது. இந்த டர்னே கொன்றுவிட முடியுமென்றால் தடுப்பைப் பற்றிய கேள்வியே இல்லை, செத்தவன் அடிக்க மாட்டான்.

விதிவிலக்காக கிரெம்லின் நாப் என்று ஒரு தடியன் முதல் பகுதியில் வருவான். கோபம் ஏறிய பிறகு, நீங்கள் தாக்குதல் அல்லாத திறன் கார்டு போடப் போட அவன் பலம் கூடும். டிஃபெண்ட் போட்டால்கூடத்தான். பயந்து பயந்து தடுத்துக்கொண்டே இருந்தால் அவன் கையில் சாவதே நிச்சயம். முன்னால் அடி கொடுக்கும் கார்டை முதலிலேயே எடுக்கச் சொன்னதற்கு இவனும் ஒரு காரணம்.

எல்லாக் கார்டையும் எப்படியும் போடத்தான் போகிறேன். எந்த வரிசையில் போட்டால் என்ன?

வித்தியாசம் நிறைய. அயர்ன்கிளாடின் பேஷ் கார்டுக்கு 2 எனர்ஜி. 8 அடி கொடுத்து, எதிரியை 'வல்னரபிள்' ஆக்கும். அந்த நிலையில் அவன் 50 சதவீதம் கூடுதல் அடி வாங்குவான். முதலில் ஸ்ட்ரைக், பிறகு பேஷ் என்றால் 6 + 8 = 14. முதலில் பேஷ், பிறகு ஸ்ட்ரைக் என்றால் 8 + 9 = 17. அதே இரண்டு கார்டு, அதே 3 எனர்ஜி, மூன்று அடி அதிகம்.

அதே மாதிரி, கார்டு எடுக்க வைக்கும் கார்டு இருந்தால் பொதுவாக அதை முதலில் போடுங்கள். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யலாம்.

விஷம் 5 என்று போட்டிருக்கிறது, 5 அடி மட்டும்தான் பட்டது. ஏமாற்றா?

பொறுங்கள். இந்த டர்ன் 5, அடுத்து 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டே அடிக்கும். மொத்தம் 15. தடுப்பும் அதை நிறுத்தாது. கூடக்கூட வேகம் எடுக்கும் சரக்கு அது: விஷம் 10 ஆக இருந்தால் மொத்தம் 55. சண்டை நீளும் என்று தெரிந்தால் விஷம்தான் ராஜா, இரண்டு டர்னில் முடியும் சண்டைக்கு அது கைகொடுக்காது.

மான்ஸ்டர் ட்ரெயினில் மூன்று தளம் இருக்கிறதே, படையைப் பிரித்து நிறுத்தவா, ஒரே தளத்திலா?

எதிரிகள் கீழ்த்தளத்தில் ஏறி, தப்பிப் பிழைத்தவர்கள் ஒவ்வொரு தளமாக மேலே வருவார்கள். உச்சியில் நம் நெருப்பு. முன்வரிசையில் நிற்பவன்தான் முதல் அடி வாங்குவான். மூன்று தளத்திலும் ஒவ்வொருவனாக நிறுத்துவது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் எங்கேயும் பலம் சேராது. நான் ஒரு தளத்தை முக்கியக் களமாக வைத்து, மிச்சத்தில் சில்லறை ஆட்களை நிறுத்துவேன். கடைசியில் வரும் பாஸ் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பக்கம் சாகும்வரை விடாமல் சண்டை போடுவதால், அவனைத் தாங்கும் தளம் ஒன்றாவது வேண்டும்.

ஒரு கொசுறுச் செய்தி: களத்தில் இறக்கிய படைவீரர் கார்டு அந்தச் சண்டையில் திரும்ப டெக்குக்குள் போகாது. அதனால் ஆட்களை இறக்க இறக்க டெக் தானாகவே மெலிகிறது.

டெத் ஹௌலில் எனக்குக் கார்டு போடவே சக்தி மிஞ்சுவதில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

அங்கே சண்டை கட்டங்களில் நடக்கிறது. ரோவை நகர்த்துவதற்கும் கார்டு போடுவதற்கும் ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவு. ஸ்லே த ஸ்பயர் பழக்கத்தில் வருபவர்கள் ஓடிப்போய் எதிரி பக்கத்தில் நின்றுவிட்டு, கையைப் பிசைவார்கள். முதலில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் கார்டைப் பாருங்கள். முடிந்தால் ஆவிகளை உங்களிடம் வரவிடுங்கள். நடக்கும் செலவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

அதிலேயே இன்னொன்று: புதுப் பகுதிக்கு வந்ததும் என் பழைய கார்டுகளின் விலை ஏறிவிட்டது. பிழையா?

பிழை இல்லை. ஒரு நிலப்பகுதிக்குரிய கார்டை வேறு பகுதியில் பயன்படுத்தினால் கூடுதல் சக்தி செலவாகும். பழைய டெக்கையே கட்டிக்கொண்டு அழாமல், அந்தந்த மண்ணுக்கு ஏற்பப் புதிதாகக் கட்ட வைப்பதற்கான ஏற்பாடு. ஆவிகளை வீழ்த்திக் கிடைக்கும் 'டெத் ஹௌல்'களை வைத்து அந்தப் பகுதியின் கார்டுகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

செத்தால் எல்லாம் போச்சா? ஒரு மணி நேரம் உழைத்தது வீணா?

விளையாட்டைப் பொறுத்தது. ஸ்லே த ஸ்பயரிலும் மான்ஸ்டர் ட்ரெயினிலும் செத்தால் அந்த டெக் போச்சு, மறுபடி முதலிலிருந்து. 1980-இல் வந்த ரோக் என்ற விளையாட்டிலிருந்து வந்த வழக்கம் இது, அதனால்தான் இந்த வகைக்கே ரோக்லைக் என்று பெயர். புதுக் கார்டுகள் சில திறந்துகொள்ளும், மற்றபடி கையில் மிஞ்சுவது நீங்கள் கற்றுக்கொண்டதுதான்.

டெத் ஹௌல் அப்படி இல்லை. உலகம் அப்படியே இருக்கும், கார்டுகளும் இருக்கும், திரும்ப முயலலாம். ஆனால் புனிதத் தோப்பில் ஓய்வெடுத்தால் உங்கள் உடம்பு தேறுவதோடு, நீங்கள் வீழ்த்திய ஆவிகளும் எழுந்துவிடும். 'ஓய்வெடுத்துவிட்டு வந்தேன், எல்லாரும் திரும்ப நிற்கிறார்கள்' என்று பதறிக் கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

நெருப்பு மூட்டிய இடத்தில் உயிரை ஏற்றவா, கார்டை மேம்படுத்தவா?

ஸ்லே த ஸ்பயரில் அங்கே ஓய்வு எடுத்தால் மொத்த உயிரில் 30 சதவீதம் திரும்பும். அயர்ன்கிளாடின் 80-க்கு அது 24. அடுத்து வருவதைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் மேம்படுத்துங்கள். உயிர் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும், மேம்படுத்திய கார்டு கடைசிவரை உழைக்கும். சாவதற்குப் பத்து அடிதான் பாக்கி என்றால் வீரம் காட்ட வேண்டாம்.

உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

கை எப்படி வரும் என்பது அதிர்ஷ்டம். எந்த டெக்கிலிருந்து வருகிறது என்பது உங்கள் கையில். ஒரே ஆள் தொடர்ந்து பல முறை ஜெயிப்பதைப் பார்க்கும்போது அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. தோற்ற ஆட்டத்தில் கடைசி டர்னைத் திட்டாதீர்கள். தப்பு பெரும்பாலும் பத்து அறைக்கு முன்னால், வேண்டாத கார்டை எடுத்த இடத்தில் நடந்திருக்கும்.

சண்டை கைமீறிப் போகும்போது வெளியேறித் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. இது மோசடியா?

ஸ்லே த ஸ்பயரில் சண்டைக்கு நடுவில் வெளியேறினால் அந்தச் சண்டை தொடக்கத்திலிருந்து வரும். ஆனால் கார்டுகள் அதே வரிசையில்தான் வரும், ஆக நல்ல கை வரும்வரை குலுக்கிக்கொண்டே இருக்க முடியாது. கற்றுக்கொள்ளும்போது செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே கையை இரண்டு விதமாக ஆடிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஜெயித்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஜெயித்துவிட்டேன். அவ்வளவுதானா?

இனிமேல்தான் ஆரம்பம். ஸ்லே த ஸ்பயரில் அசென்ஷன் என்று 20 படிகள், மான்ஸ்டர் ட்ரெயினில் கவனன்ட் என்று 25 படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய தொல்லை சேரும். எல்லாப் படியும் ஏறியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் ஒரு கதாபாத்திரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டெக் சின்னதாக இருந்தால் ஒரே டர்னில் முடிவில்லாமல் அடிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். அயர்ன்கிளாடுக்கு டிராப்கிக் என்று ஒரு கார்டு: 1 எனர்ஜி, 5 அடி. எதிரி வல்னரபிள் ஆக இருந்தால் 1 எனர்ஜி திரும்பக் கிடைக்கும், ஒரு கார்டும் எடுக்கலாம். டெக்கில் இரண்டு டிராப்கிக் இருந்து, மற்ற கார்டுகள் எல்லாம் கையிலேயே தங்கிவிட்டாலோ ஆட்டத்தை விட்டு வெளியேறியிருந்தாலோ, ஒன்றைப் போட்டால் இன்னொன்று வரும், அதைப் போட்டால் முதலாவது வரும். எதிரி விழும்வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம். 'இலவசம்தானே' கேள்விக்குச் சொன்ன கணக்கின் மறுகோடி இது: டெக் மெலிந்து மெலிந்து இரண்டே கார்டு சுழலும் நிலை.

ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். டைம் ஈட்டர் என்ற பாஸ் நீங்கள் போடும் கார்டுகளை எண்ணிக்கொண்டே இருப்பான். பன்னிரண்டாவது கார்டு விழுந்ததும் உங்கள் டர்னை அவனே முடித்துவிட்டு, தன் பலத்தையும் ஏற்றிக்கொள்வான். பன்னிரண்டு டிராப்கிக் என்றால், கூடுதல் அடியைச் சேர்த்தாலும் நூறு தேறாது. அவன் உயிரோ 456.